மூன்று நிமிடத்துக்குக் குறைந்த ஒலி

பிப்ரவரி 3

ஐயா,

ஒலிக் கட்டுப்பாட்டு விதிகளின் வரைவு பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று தபால் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தீர்கள். பொதுமக்களில் நானும் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன்.

முதல் பக்கத்திலேயே வரையறைகள் என்று தலைப்புப் போட்டு, 'இரைச்சல் என்பது சாதாரண மனிதர் ஒருவருக்குத் தொல்லை தரக்கூடிய ஒலி' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சாதாரண மனிதர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்றும் எழுதியிருக்கலாம். என் வீட்டுக்காரர் சாதாரண மனிதராகத்தான் இருந்தார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு அப்படி இல்லை. பேச்சுப் போய்விட்டது. திடீரென்று எந்தச் சத்தம் கேட்டாலும் உடம்பு உதற ஆரம்பித்து அடங்க அரை மணி ஆகிறது. என் தையல் மெஷின் நாள் முழுக்க ஓடுவதை அவர் தாங்குவார். பக்கத்து ஐஸ் கம்பெனி சைரனைத் தாங்க மாட்டார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குச் சோதனைக்காக ஒரு தடவை ஊதுவோம் என்று கேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதோடு நிற்பதில்லை. நினைத்தபோதெல்லாம் ஊதுகிறார்கள். கேட்டால், "டெஸ்டிங்மா" என்று வாட்ச்மேன் சொல்கிறார். இதற்கு உங்கள் வரையறைகளில் ஒரு வார்த்தைகூட இல்லை.

இந்த விதிகளை எழுதும் அதிகாரி எனக்குத் தெரிந்தவர்தான். நான்கு வருடம் முன் அந்தக் கம்பெனிக்கு 'ஆட்சேபணை இல்லை' என்று முத்திரை குத்தியவரும் அவரே. குத்திய சத்தத்தை அளந்தாரா என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
பொதுமக்களில் ஒருத்தி


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மனுவைப் பிரித்த குமாஸ்தா, "யாரோ வாய்க்காரம்மா சார்" என்று சிரித்துக்கொண்டே என் மேஜையில் வைத்தார். கையெழுத்தைப் பார்த்ததும் உன்னுடையது என்று தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில், "அவர் முகத்தைப் பாக்காதே, போ" என்று நீ சொன்ன பிறகு உன்னிடமிருந்து வரும் முதல் எழுத்து இது. அது மனுவாக இருந்தாலும் பரவாயில்லை.

முத்திரை குத்தியது நான்தான். அளக்கவில்லை. அப்போது அளக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சாக்கு மாதிரித்தான் இருக்கிறது, தெரிகிறது.

இப்போது எனக்குக் கொடுத்திருப்பது வரையறைப் பகுதி மட்டும். மற்றவர்கள் அபராதம், அனுமதி என்று பெரிய பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். வார்த்தைக்கு அர்த்தம் எழுதுகிற வேலையை யாரும் கேட்கவில்லை. ஆனால் அக்கா, எல்லாப் பூட்டுக்கும் சாவி இங்கேதான் இருக்கிறது. 'வீடு' என்றால் என்ன, 'பகல்' எத்தனை மணி வரை, 'தொடர் ஒலி' எப்போது தொடர் ஒலி ஆகிறது என்று நான் எழுதுவதை வைத்துத்தான் மற்ற எல்லாப் பக்கமும் நடக்கும்.

'சாதாரண மனிதர்' என்பதை எடுத்துவிட்டேன். 'குழந்தை, முதியவர், நோயாளி உள்ளிட்ட குடியிருப்பவர்' என்று மாற்றியிருக்கிறேன். அது அத்தானுக்காக.

சைரனைப் பற்றித் தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்று குறித்து அனுப்ப முடியுமா? உன் போன் அணைத்தே கிடக்கிறது. அதனால் எழுதித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

போனை ஒன்றும் உனக்காக அணைத்து வைக்கவில்லை. மணி அடித்தால் அவர் உதறுகிறார். சிலிண்டருக்குச் சொல்ல மட்டும் திறப்பேன். உனக்கு எல்லாமே உன்னைச் சுற்றித்தான்.

நீ கேட்பதற்கு முன்பே குறித்து வைத்திருக்கிறேன். அளவு நோட்டில், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தோள் அளவுக்கும் கை நீளத்துக்கும் நடுவில். டிசம்பரிலிருந்து, செவ்வாய்ச் சோதனையை விட்டுவிட்டால், பதினொரு தடவை. எல்லாத் தேதியையும் மணியையும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். எல்லாம் பகலில்தான். சில நாள் காலை ஒன்பதரை, சில நாள் மதியம் மூன்று. ஒரு காலர் மடித்துத் தைக்க எனக்கு ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும். பெரும்பாலும் காலர் முடிவதற்குள் சைரன் நின்றுவிடும். ஒரே ஒரு நாள் இரண்டாவது காலரில் பாதி வரை போனது.

நின்றதும் அவரை மடியில் சாய்த்து நெஞ்சைத் தடவிக்கொண்டே இருப்பேன். இடது கை மட்டும் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி இருக்கும். ஜன்னலையே பார்ப்பார். அந்த நேரத்தில் உன்னைத் திட்டுவேன் என்பதை மறைக்கவில்லை. வேறு யாரைத் திட்ட?

'நோயாளி உள்ளிட்ட' என்று நீ போட்டதை அவரிடம் படித்துக் காட்டினேன். கேட்டார். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

'அக்கா' என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். அந்தத் தாளை மட்டும் கோப்பில் சேர்க்காமல் என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். சைரனை மொத்தமாக இரைச்சல் என்று எழுத முடியாது. தீ, கசிவு, விபத்துக்கு ஊதுகிற ஒலியை எந்த ஊர் விதியும் தடுக்காது. அதை 'அபாய ஒலி' என்று தனியாக வைத்தாயிற்று. அதற்கு எல்லை கிடையாது. எவ்வளவு உரக்கவும் எவ்வளவு நேரமும் ஊதலாம். சோதனைக்கு ஊதுவதை 'சோதனை ஒலி' என்று வைத்தாயிற்று. அது கம்பெனிச் சுற்றுச்சுவரைத் தாண்டி வெளியே கேட்கக் கூடாது என்று விதி.

ஆனால் வெளியே நின்று கேட்கிறவருக்கு இரண்டும் ஒரே ஒலிதானே. அதே சைரன், அதே கத்தல். எதை வைத்துப் பிரிப்பது? 'நிர்வாகம் சொல்வதே முடிவு' என்று எழுதினால் எல்லாவற்றையும் அபாயம் என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள். மூன்று நாளாக அடித்து அடித்து எழுதுகிறேன். தலைமை அதிகாரி, "எவன் கேட்டாலும் குழப்பமில்லாம அளக்கற மாதிரி ஒண்ணு சொல்லுய்யா" என்கிறார்.

எனக்குப் பிடிபடவில்லை. நாலு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டிருப்பவள் நீதான். உனக்கு எப்படித் தெரிகிறது?

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

நாலு சுவருக்குள் உட்கார்ந்து யோசித்தால் இப்படித்தான். இதற்கு மூன்று நாளா?

உண்மையாகவே ஆபத்து என்றால் ஒன்றே முக்கால் நிமிடத்தில் எவனாவது சைரனை நிறுத்துவானா? ஜனங்கள் வெளியே வர வேண்டும், யாராவது ஓடிவர வேண்டும். அதுவரை கத்திக்கொண்டேதான் இருக்கும். சும்மா ஊதிப் பார்க்கிறவன்தான் சட்டென்று நிறுத்துவான். மூன்று நிமிடம் என்று கோடு கிழி. அதற்குக் குறைந்தால் சோதனை, கூடினால் அபாயம். எந்தப் படிக்காதவளும் காலர் மடித்தபடி அளந்துவிடலாம்.

இதை எழுதும்போது மனசுக்கு லேசாக இருக்கிறது. உன்னோடு சண்டை போடாமல் ஒரு பக்கம் எழுதி எத்தனை நாளாயிற்று.

வாட்ச்மேனிடம் இன்று வாய் கொடுத்தேன். "ஏன்யா இப்படி ஊதி ஊதிப் பாக்கறீங்க, புது சைரனா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க வேலை ஊதறதில்லம்மா, நிறுத்தறதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வெயிலில் நின்று நின்று அவருக்கும் மூளை குழம்பிவிட்டது போல.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நிறைவேறிவிட்டது. பிரிவு 2, உட்பிரிவு 9: 'சோதனை ஒலி என்பது மூன்று நிமிடத்துக்குக் குறைவாக நீடிக்கும் எச்சரிக்கை ஒலி.' உன் வாக்கியம்தான். நான் இலக்கணம் மட்டும் பார்த்தேன்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு உங்கள் ஐஸ் கம்பெனி மேனேஜரும் வந்திருந்தார். எதிர்ப்பார் என்று பதில் எல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். மூன்று நிமிடக் கணக்கை வாசித்ததும் முதல் ஆளாகக் கையைத் தூக்கி, "ரொம்ப நியாயமான வரையறை சார்" என்றார். வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். எனக்கு என்னவோ கொஞ்சம் உறுத்தியது. ஜெயித்த பிறகும் உறுத்துவது என் பிறவிக் குணம் என்று நீ சொல்வாய்.

அத்தானிடம் சொல். நான் வந்து பார்க்கலாமா என்றும் கேள். உன்னிடம் கேட்கவில்லை, அவரிடம்தான் கேட்கிறேன்.

தம்பி


மே 20

தம்பிக்கு,

நாலு வாரமாகச் சத்தமே இல்லை. சைரனைக் கூரையிலிருந்து கழற்றி, மெஷின் ரூமுக்குள் மாட்டிவிட்டார்கள். கிரேன் கொண்டு வந்து இறக்கியதை நானே ஜன்னலில் நின்று பார்த்தேன். இந்தப் பக்கம் ஒரு முணுமுணுப்புக்கூட வருவதில்லை. செவ்வாய்க்கிழமை பதினொரு மணி எப்போது போனது என்றே தெரியவில்லை.

உன் அத்தான் மதியம் தூங்குகிறார். போன வாரம் ஒரு ஸ்பூனைத் தானே பிடித்துக் கஞ்சி குடித்தார். நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், சத்தம் வந்தால் பயப்படுவாரே என்று. இந்த வீட்டை முழுக்க அமைதியாக்கிவிட்டேன். காலிங் பெல்லைக் கழற்றியாயிற்று. வாசல் கதவின் வளையத்தில் துணி சுற்றியிருக்கிறேன். அந்தக் கதவு திறந்தால் கீச்சிடுகிறது என்பதால் புழக்கமெல்லாம் பின்வாசல் வழியாகத்தான். தெருவில் என்னை ஊமை வீட்டுக்காரி என்கிறார்களாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

உன்னைப் பற்றிக் கேட்டேன். 'தம்பி வரலாமா' என்றதும் இடது கையால் கட்டில் சட்டத்தை இரண்டு தடவை தட்டினார். அவருக்கு இரண்டு தட்டு என்றால் சரி. ஒன்று என்றால் வேண்டாம். நிறையத் தட்டினால் கோபம். அடுத்த மாதம் சீருடை வேலை முடியட்டும், வா. நான் எதுவும் பேச மாட்டேன். பேசினாலும் கொஞ்சம்தான்.

ஒரு விஷயம். காம்பவுண்டு ஓரமாக இருந்த முருங்கை இலையெல்லாம் பழுத்துக் கொட்டிவிட்டது, நம் பக்கத்துக் கிளைகள் மட்டும். தண்ணீர் போதவில்லை போல.

அக்கா


ஜூன் 11, காலை 11.30

அக்கா,

இதைப் படித்ததும் அத்தானைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பு. மீதியை அப்புறம் படி.

உன் போனுக்குக் காலையிலிருந்து முப்பது தடவை அடித்துவிட்டேன். ஆபீஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், மூன்று மணிக்குள் வந்துவிடுவார். தீயணைப்பு நிலையத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு நானும் அடுத்த பஸ்ஸில் வருகிறேன். நீ உன் தோழி வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விடு. தெருக்காரர்களிடமும் சொல்.

இன்று உங்கள் ஐஸ் கம்பெனியின் உரிமப் புதுப்பிப்புக் கோப்பு என் மேஜைக்கு வந்தது. அதில் அவர்களுடைய பராமரிப்புப் பதிவேட்டின் நகல் இருந்தது. மெஷின் ரூமில் குளிரூட்ட அம்மோனியா வாயு ஓடுகிறது. ஒரு வால்வு கசிகிறது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பதினொரு தடவை கசிந்திருக்கிறது. நீ அனுப்பிய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே பதினொரு தேதி. அதே மணி.

அக்கா, அதெல்லாம் சோதனை இல்லை. ஒவ்வொரு தடவையும் கசிவு வந்து சைரன் தானாகக் கத்தியிருக்கிறது. ஆபரேட்டருக்கு உத்தரவு என்னவென்றால், ஜனங்கள் கூடாமல் முதலில் சைரனைக் கையால் நிறுத்த வேண்டும், பிறகுதான் வால்வுக்குப் போக வேண்டும். அதனால்தான் ஒன்றும் மூன்று நிமிடத்தைத் தொடவில்லை. நாம் கிழித்த கோட்டுக்கு இந்தப் பக்கமே எல்லாம் நின்றுவிட்டது. மேனேஜர் ஏன் கையைத் தூக்கினார் என்று இப்போது புரிகிறது.

மார்ச்சிலிருந்து இன்னும் எட்டுத் தடவை. 'வால்வு மாற்ற வேண்டும்' என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருக்கிறது. மாற்றவில்லை. கம்பெனிக்குப் போன் பண்ணினேன். "வெளிய கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் விதி போட்டீங்க" என்கிறார்கள். தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லியிருக்கிறேன், 'கடிதம் அனுப்புங்கள்' என்கிறார்கள்.

வந்தால் மூத்திர நெடி மாதிரி அடிக்கும். கண் எரியும், தொண்டை கமறும். ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொள். பின்பக்க ஜன்னலை, காம்பவுண்டு பார்த்த ஜன்னலைச் சாத்து. போ அக்கா. படித்தது போதும்.


ஜூன் 11, மதியம்

தம்பிக்கு,

சீருடையெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டேன். நீ இந்த ஞாயிற்றுக்கிழமை வரலாம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

இன்று உன் அத்தான் படுத்துகிறார். காலையிலிருந்து படுக்கையில் நெடி. இரண்டு தடவை விரிப்பை மாற்றி, உடம்பு துடைத்துவிட்டேன், இன்னும் போகவில்லை. விரிப்பைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கிறது. பாவம், அவருக்கே வெட்கமாக இருக்கும் போல, முகத்தை ஜன்னல் பக்கத்திலிருந்து திருப்பிக்கொள்கிறார். காற்று வரட்டும் என்று ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்திருக்கிறேன். விரிப்பை அலசிய சோப்பா, என்னவோ தெரியவில்லை, எனக்கும் கண் எரிந்துகொண்டே இருக்கிறது.

அரை மணியாகக் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். இரண்டு இல்லை, ஒன்று இல்லை, விடாமல். "என்னங்க, என்ன கோவம் இப்ப?" என்று கேட்டால் என்னைப் பார்க்கிறார், ஜன்னலைப் பார்க்கிறார், மறுபடியும் தட்டுகிறார். குழந்தை மாதிரி அடம். கடைசியில் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்து, ஓரத்தைக் கட்டிலுக்கடியில் செருகிவிட்டேன். இப்போது சத்தமில்லை.

வாசல் பக்கம் யாரோ வந்த மாதிரி இருந்தது. கதவுக்கடியில் தாள் சறுக்கின சத்தம். கரண்ட் பில்லாக இருக்கும். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றரைக்குத் தபால் எடுத்துவிடுவார்கள். இதைப் பின்வாசல் வழியாகப் போய்ப் போட்டுவிட்டு, அவர் கண் மூடும் நேரத்துக்குள் வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மறக்காதே.

அக்கா


ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

ஆஸ்பத்திரியில் நீ வந்து நின்றபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது உன் மேல் கோபத்தில் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கும் நீ தெருமுனையிலேயே நின்றுவிட்டுப் போனாயாம், தோழி சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

தபால் பெட்டிக்கும் வீட்டுக்கும் ஏழு நிமிடம். திரும்பி வந்தபோது தெரு முழுக்க ஜனம், வாயில் துணியை வைத்துக்கொண்டு. என்னை உள்ளே விடவில்லை. இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைக் கடித்தேன் என்று பிறகு சொன்னார்கள். உனக்குத் தபால் போடப் போனதால் நான் இருக்கிறேன்.

அவரைத் தூக்கியவர்களில் ஒருவர் சொன்னார், இடது கை போர்வைக்குள்ளேயே இருந்ததாம். நான் செருகியது செருகியபடி. அந்த மனுஷனிடம் மிச்சமிருந்த ஒரே சைரன் அந்தக் கைதான். அதை நிறுத்தினவள் நான். உன் விதியில் இதற்கு வரையறை தேடாதே.

உன் டிரைவர் வந்து பேசினார். மூன்று மணிக்கு முன்பே வந்துவிட்டாராம். பெல்லைத் தேடினாராம், இல்லை. வளையத்தை ஆட்டினாராம், துணி சுற்றியிருந்ததால் சத்தம் வரவில்லை. கதவைத் தட்டினாராம், உன் அத்தான் கட்டிலைத் தட்டியதில் எனக்குக் கேட்கவில்லை. ஆளில்லை என்று நினைத்து, கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். பெரியவர், என் முன்னால் அழுதார். "நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்தேன்.

விசாரணையில், 'மூன்று நிமிடம் நான் எழுதியது, முழுப் பொறுப்பும் எனது' என்று எழுதிக் கொடுத்திருக்கிறாயாம். அதைத் திருத்து. என் மார்ச் 9 கடிதத்தை அவர்களிடம் கொடு. கோட்டைக் கிழித்தது நாம் இரண்டு பேரும். நீ ஒருத்தனாகச் சுமந்தால் எனக்குச் சுமக்க ஒன்றும் இல்லாமல் போய்விடும், அதை என்னால் தாங்க முடியாது.

வால்வை மாற்றிவிட்டார்கள். விதியை நிறுத்தி வைத்து, சைரனைத் திரும்பக் கூரையில் ஏற்றியிருக்கிறார்கள். நேற்று செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்கு ஊதினார்கள். நான் மெஷினை நிறுத்திவிட்டு, எத்தனை காலர் என்று எண்ணாமல், நிற்கிற வரைக்கும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன்.

வாசல் கதவுக்கு எண்ணெய் போடவில்லை, கீச்சிடட்டும். வளையத்துத் துணியை அவிழ்த்துவிட்டேன். பெல்லை மாட்டியிருக்கிறேன். தெருமுனையில் நிற்காதே. வந்து அழுத்து, நான் திறக்கிற வரைக்கும் கையை எடுக்காதே.

அக்கா